ஏகாம்பரம் சார் மிச்சம் பிடித்த இடம்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். விழுப்புரம் கம்ப்யூட்டர் சென்டரில் நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, பழைய பேக்கப்பை எல்லாம் புது டிஸ்க்குக்கு மாத்திக்கினு இருக்கேன். ஆன்ட்டி வைரஸ் கத்திக்கினே இருக்குதுக்கா. உங்க காலத்து ஃபைல் முக்கால்வாசி செவப்பா காட்டுது. சந்தேகத்துக்கு உரியதுன்னு போடுது. இன்னாக்கா வெச்சிருந்தீங்க உள்ள?"

"சிக்கனம்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்வதானால் அந்தக் கோப்புகள் எல்லாம் அழுத்தப்பட்ட நிரல்கள், அதாவது புரோகிராம்கள். டிஸ்க்கில் இடம் குறைவாகப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் அவற்றைச் சுருக்கி வைத்திருந்தோம். பெயரைத் தட்டினால் அவை நினைவகத்தில் தாமாக விரிந்துகொண்டு ஓடும். இன்றைய வைரஸ் தடுப்பான்களுக்கு இந்தப் பழக்கம் பிடிப்பதில்லை. உள்ளே இருப்பதை மறைத்துக்கொண்டு, ஓடும்போது மட்டும் விரியும் கோப்பு யோக்கியமாக இருக்க முடியாது என்பது அவற்றின் கணிப்பு. என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படிச் சிவப்பு எழுத்தில் வந்து முடிந்தது.

மூன்று காரணங்களால் இதை எழுதுகிறேன். ஒன்று, திவ்யா கேட்டாள். இரண்டு, இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. மூன்றாவது காரணம் திண்டிவனத்தில் இருக்கிறது, அது தன் இடத்தில் வரும்.

நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் உறவினர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள். எனக்கு ஓய்வு கொடுத்தது உடம்பில்லை, டெராபைட். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். இடம் சல்லிசாகிவிட்ட பிறகு என்னை வைத்துக்கொண்டு சென்டர் என்ன செய்யும்?

மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தேன். கம்ப்யூட்டர்களைக் குளிர்சாதன அறையில் வைத்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு, மறு வாசல் வழியாக வெளியே வந்தோம். டிப்ளமோ கொடுத்தார்கள். 1993இல் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போகும் வழியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மேனேஜர் ஏகாம்பரம் சார். அவர் சென்டர் முதலாளிக்கு மைத்துனர். அதற்கு முன்பு நெல் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளராக இருந்தவர். இந்த இரண்டு தகுதிகளில் இரண்டாவதைத்தான் அவர் பெரிதாக நினைத்தார். ஹார்ட் டிஸ்க் என்பது கிடங்கு, கோப்பு என்பது மூட்டை. இதற்கு மேல் கம்ப்யூட்டரில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று அவர் நம்பினார். வெகுகாலம் அந்த நம்பிக்கைக்கு எந்தச் சேதமும் வரவில்லை.

காலையில் வந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பின்னால் நிற்பார். "ஏம்மா சுமதி, இருப்பு சொல்லு." டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்பதை நான் உரக்கப் படிக்க வேண்டும். நேற்றையதைவிடக் கூடியிருந்தால் டீ சொல்வார். குறைந்திருந்தால் பட்டியலில் தனக்குத் தெரியாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார்.

"இது யாரு?"

"அது இருந்தாத்தான் சார் மெஷின் கிளம்பும்."

"கிளம்பினப்புறம் இன்னா வேலை அதுக்கு? தூக்கு."

ஒருமுறை அப்படித் தூக்கியதில் மெஷின் இரண்டு நாள் கிளம்பவில்லை. அந்த இரண்டு நாளும் டிஸ்க்கில் இடம் குறையவே இல்லை என்பதை அவர் முதலாளியிடம் தனியாகச் சொன்னார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் நிரல்களை அழுத்தும் அந்தச் சின்ன மென்பொருள் வந்து சேர்ந்தது. சென்னையில் ஒரு வகுப்புக்குப் போய்வந்த பையன் பிளாப்பியில் கொண்டுவந்தான். நான் நியாயமாகச் சொல்ல வேண்டும், அது அருமையான வேலைப்பாடு. நாற்பது மெகாபைட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திய எங்களுக்கு, ஒரு நிரலைப் பாதியாக்கியும் ஓடவைக்கும் கருவி என்பது சாதாரண விஷயமில்லை. எத்தனை சதவீதம் மிச்சம் என்று அதுவே திரையில் காட்டியது. சார் அதைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிச் சரியாகப் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அழுத்தல் என்று முடிவாயிற்று. முதல் வெள்ளி எல்லா நிரல்களையும் அழுத்தினோம். அடுத்த வெள்ளி அதே நிரல்களை மறுபடியும் அழுத்தச் சொன்னார்.

"ஏற்கெனவே அழுத்தியாச்சின்னு சொல்லுது சார்."

"போன வாரம் பாதியாச்சு. இந்த வாரம் அதுல பாதியாவட்டும். நாலு வாரத்துல இன்னா மிஞ்சும்னு பாக்கலாம்."

மென்பொருள் மறுத்தது. அவர் விடவில்லை. வேறொரு அழுத்தும் மென்பொருளைத் தேடி வரவழைத்து, முதலாவது அழுத்தியதை இரண்டாவதால் அழுத்தினார். கோப்பு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "மூச்சு முட்டியிருக்கும், ஒருநாள் விட்டுப் பண்ணு" என்றார். அதன் பிறகு அழுத்தும் மென்பொருளையே அழுத்தினோம். அது ஓடியது.

மாதாமாதம் 'மிச்சம் பிடித்த இடம்' என்று முதலாளிக்கு அறிக்கை போயிற்று. அறிக்கை போகத் தொடங்கியதும், மாணவர்களுக்கு நிரல் எழுதச் சொல்லித்தரும் பையன்கள் தேவையில்லாததை எல்லாம் உள்ளே சேர்த்துப் பெரிதாக எழுதினார்கள். பெரிதாக எழுதினால்தான் அழுத்தும்போது மிச்சம் அதிகம் காட்ட முடியும். மிச்சமான இடத்தில் முதலாளியின் மகன் கார் பந்தய விளையாட்டுகளைக் கொண்டுவந்து ஏற்றினான். வெள்ளிக்கிழமை நாங்கள் இடம் பிடிப்போம், சனிக்கிழமை அவன் கார் ஓட்டுவான். இப்படியாக நிறுவனம் வளர்ந்தது.

எல்லா நிரலையும் அழுத்த முடியாது என்பதை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். சில நிரல்கள் தொடங்கும்போது தங்களைத் தாங்களே சரிபார்க்கும். வாங்கியவரின் பெயரை நிரலுக்குள்ளேயே பதித்துவைத்து, தாம் விற்கப்பட்டபோது இருந்தபடியே இருக்கிறோமா என்று பார்க்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஓடாது. இதைச் சாரிடம் சொன்னேன்.

"இன்னாம்மா இது, சட்டையை மடிச்சி வெச்சா வேற சட்டையா ஆயிடுமா?"

"அது தன்னைத்தானே அளந்து பாக்கும் சார்."

"அளக்கட்டுமே. சின்னதாயிட்டோம்னு சந்தோஷப்படும்."

இனி திண்டிவனம்.

திண்டிவனத்தில் மல்லாட்டை எண்ணெய் மில், அதாவது வேர்க்கடலை எண்ணெய் மில், வைத்திருந்தவர் தனபால். எங்களிடம் கம்ப்யூட்டர் வாங்கினார். கணக்கு மென்பொருள் சென்னையில் ஒரு கம்பெனியிடமிருந்து, முழு விலை கொடுத்து, ரசீதோடு வாங்கியது. அதை இயக்க பிலோமினா என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார். என்னிடம் படித்தவள். மில்லில் வேதாசலம் என்று ஒரு கணக்கர் இருந்தார். தனபாலின் அப்பா காலத்திலிருந்து கையால் பில் எழுதுகிறவர். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதன் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்.

தனபால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார். விஜயதசமியன்று வருடத்தின் முதல் பில் கம்ப்யூட்டரில் வர வேண்டும். வந்தால் அன்றிலிருந்து எல்லாம் கம்ப்யூட்டர். வராவிட்டால் மெஷின் எங்களிடம் திரும்பும், பிலோமினா வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. அவள் வீட்டில் வேறு யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அந்த வருடம் புரட்டாசியில் அவள் என்னிடம், "மிஸ், பூஜைக்கு முந்தி ஒருதரம் வந்து எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துட்டுப் போங்க" என்று கேட்டாள்.

போனது நான் இல்லை. ஆயுத பூஜைக்கு முன் எல்லாக் கருவிகளையும் சுத்தம் செய்வது வழக்கம். பட்டறையில் சுத்தியலைத் துடைப்பார்கள், பஸ்ஸைக் கழுவுவார்கள். கம்ப்யூட்டரை என்ன செய்வது என்பதற்குச் சார் விடை கண்டுபிடித்திருந்தார். ஆயுத பூஜைச் சலுகையாக, வாடிக்கையாளர் எல்லோருடைய டிஸ்க்கையும் இலவசமாக அழுத்தித் தருவது. நான் மற்ற வேலையில் இருந்தேன். திண்டிவனத்துக்கு அவரே பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் அங்கே செய்தவை:

கணக்கு மென்பொருளை அழுத்தினார். மறுபடி பழைய கோப்பாக மாற்றவே முடியாத கூடுதல் அழுத்தம் ஒன்று அந்தக் கருவியில் உண்டு, அதையே தேர்ந்தெடுத்தார். ரசீதோடு வந்த மூலப் பிளாப்பிகளை, "மெஷினுக்குள்ளதான் இருக்குதே, ஒரே நெல்லை ரெண்டு கொடவுன்லயா வெப்பாங்க?" என்று கேட்டு வாங்கிவந்து, அழித்துச் சென்டரின் வெற்றுப் பிளாப்பிகளோடு சேர்த்தார். பிறகு மெஷினை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பொரி கடலைப் பொட்டலத்தோடு திரும்பினார். அழுத்திய நிரலை ஒருதரம் ஓட்டிப் பார்க்கவில்லை. கருவிகள் ஓய்வெடுக்கும் நேரம் என்றார்.

விஜயதசமி காலையில் சென்டருக்குப் போன் வந்தது.

"மிஸ், நான் பிலோமினா. பேரைத் தட்டினா தொறக்கல மிஸ். இங்கிலீஷ்ல என்னமோ எழுதிட்டு நின்னுடுது. எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. மாப்பிள்ளை படிச்சிட்டாரு."

மாப்பிள்ளை என்றால் தனபாலின் மருமகன். பூஜைக்கு வந்திருந்தவர். திரையில் இருந்த வாசகம், இது அனுமதி பெறாத நகல் என்பது. அதை அவர் மில் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் உரக்கப் படித்து, "திருட்டு மால்னு போட்டிருக்கு மாமா" என்று மொழிபெயர்த்திருந்தார். போனில் பின்னால் தனபாலின் குரல் எனக்குக் கேட்டது. "காசைக் கொட்டி வாங்கினவன் நான். நல்ல நாளு அதுவுமா என் மெஷினே என்னைத் திருடன்னுது!" அதற்கும் பின்னால், அமைதியாக, வேதாசலம்: "நான் ஒண்ணும் சொல்லல மொதலாளி. மெஷினே சொல்லிடுச்சி."

தன்னைத்தானே அளந்து பார்க்கும் நிரலைச் சார் அழுத்திவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மூலப் பிளாப்பிகள் எங்கே என்று சாரிடம் கேட்டேன். சொன்னார். சென்னைக் கம்பெனியில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, விடுமுறை. மிஞ்சியது ஒரே வழி. அந்தக் கருவி அழுத்திய கோப்பைப் புதிதாக எழுதிவிட்டு, பழையதை அழிக்கும். அழிப்பது என்றால், அந்தக் காலத்து டாஸ் இயங்குதளத்தில், பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வது மட்டும்தான். வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை பழைய கோப்பு அங்கேயே கிடக்கும்.

"பிலோமினா, நல்லா கேளு. அதுல யாரும் எதையும் ஏத்தக் கூடாது. ஒரு பிளாப்பிகூட உள்ள போகக் கூடாது. நான் வர்றேன்."

"மாப்பிள்ளை கேம் போட்டுப் பாக்கறேன்றாரு மிஸ். மெஷினு வேலை செய்யுதான்னு."

"கூடாது."

"சரி மிஸ்" என்றாள். யாரிடம் கூடாது என்று சொல்லப் போகிறாள் என்பது எனக்குப் போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

சாரும் கூட வந்தார். பஸ்ஸின் நெற்றியில் வாழைக்கன்று கட்டியிருந்தது. சாலை முழுக்க முந்தின நாள் உடைத்த பூசணிக்காய்ச் சிதறல். மயிலம் தாண்டியதும் சார், "ஒண்ணும் பேஜாரு இல்லம்மா. நம்ம டூல்ஸ் மொத்தத்தையும் கொண்டாந்திருக்கேன். எல்லாத்தையும் அதுல காபி பண்ணிட்டு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மடியிலிருந்த பிளாப்பிப் பெட்டியைத் தட்டினார்.

"சார், ஒண்ணைக்கூட காபி பண்ணக் கூடாது."

"ஏன்? இடந்தான் இருக்குதே. நான் உண்டாக்கினதுதானே."

மில்லில் எண்ணெய் வாசனையும் சாம்பிராணி வாசனையும் கலந்து நின்றன. தனபால் பட்டு வேட்டியில், கையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தார். மெஷின் முன்னால் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். கீபோர்டின் ஒயரைப் பிடுங்கி, கீபோர்டை மடியில் வைத்து, மேலே முந்தானையால் மூடியிருந்தாள். மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் கையில் ஒரு பிளாப்பியோடு முறைத்துக்கொண்டிருந்தார்.

"இவரு கேட்டாரு, நான் குடுக்கல மிஸ்" என்றாள் மெல்ல. "மொதலாளி வேற, மாப்பிள்ளைகிட்ட எதிர்த்துப் பேசறியான்னு கேட்டுட்டாரு. எப்படியும் போகப் போறேன், இருக்கட்டும்னு உக்காந்துட்டேன்."

சார் பிளாப்பிப் பெட்டியைத் திறந்தார். அவரைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும்.

"சார், டிஸ்க்குன்னா என்னன்னு மொதலாளிக்கு யாருமே சொல்லல போலிருக்கு. நீங்க சொன்னாத்தான் புரியும்."

அவர் பெட்டியை மூடினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வாங்க மொதலாளி, இப்படி வாங்க. உங்க மல்லாட்டை கொடவுன் இருக்குது, இல்லையா?" என்று தனபாலைத் தோளில் கைவைத்து வாசலுக்கு அழைத்துப் போனார்.

கீபோர்டைச் செருகினேன். மெஷினை என் பிளாப்பியிலிருந்தே துவக்கினேன், டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் இருப்பதற்காக. அழித்ததை மீட்கும் நிரலும் அந்தப் பிளாப்பியில்தான் இருந்தது. அதையும் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை அழுத்தியிருந்தோம். விரிந்து ஓடுகிறதா என்று காத்திருந்த நேரம் எனக்கு நீளமாகத்தான் இருந்தது. ஓடியது. பட்டியல் வந்தது. முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியோடு, மீதி எழுத்துகள் அப்படியே, பழைய அளவு அப்படியே. பக்கத்தில் 'மீட்கலாம்' என்ற பொருளில் ஒரு சொல்.

"முதல் எழுத்து என்னன்னு கேக்குது. எது வேணும்னாலும் போடலாம்" என்றேன்.

பிலோமினா திரையைப் பார்த்தாள். "'பி' போடுங்க மிஸ்."

போட்டேன். கோப்பு திரும்பி வந்தது. அழுத்தியதைத் தள்ளிவைத்துவிட்டு, திரும்பி வந்ததை ஓட்டினேன். நிரல் தன்னைத்தானே அளந்து பார்த்துத் திருப்தியடைந்து, தனபாலின் மில் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டியது. அவரைக் கூப்பிட்டோம். பிலோமினா முதல் பில்லை அடித்தாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்து எழுதி முடித்தது. தனபால் பில்லைக் கையில் வாங்கித் தன் பெயரை ஒருமுறை படித்தார். அப்புறம் அதை வேதாசலத்திடம் நீட்டினார்.

"மஞ்ச தடவிக் குடுங்க."

வேதாசலம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். ஓரம் சரியாக, பொறுமையாகத் தடவினார். பிறகு மெஷினைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா இருந்துது அது?" என்று தனபால் கேட்டார்.

"காலியா இருந்த எடத்துல சார். அதுமேல யாரும் எதுவும் ஏத்தாததால அப்படியே இருந்துது" என்று சொல்லிப் பிலோமினாவைக் காட்டினேன்.

காலி இடம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஏகாம்பரம் சார் முன்னால் வந்தார். "பாத்தீங்களா மொதலாளி? நான் மட்டும் அன்னிக்கி வந்து எடத்தைக் காலி பண்ணி வெக்கலன்னா, இன்னிக்கி அது எங்க இருந்திருக்கும்?"

தனபால் கொஞ்சம் யோசித்தார். கிடங்கு பற்றி இப்போதுதான் முழுதாகக் கேட்டுவிட்டு வந்தவர். தலையசைத்தார். "அதானே. அடுத்த வருஷமும் தவறாம வந்துடுங்க" என்று சாருக்கு ஒரு தேங்காயும் ஒரு டின் மல்லாட்டை எண்ணெயும் கொடுத்தார். மாதக் கடைசி அறிக்கையில் திண்டிவனம் மில் 'மிச்சம்' பகுதியிலேயே சேர்ந்தது. அழுத்தியதைத் தூக்கிவிட்டேனே என்றேன். "அன்னிக்கி மிச்சம் ஆனது ஆனதுதானே" என்றார் சார்.

பிறகு பல வருடங்கள். டிஸ்க்குகள் பெரிதாயின. விண்டோஸ் வந்தது. அதன் நிரல்களை அழுத்தவும் கருவிகள் வந்தன, அவற்றையும் கற்றேன். சார் உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்த கடைசி வருடத்தில் பார்க்கப் போனேன். பேரன் கையில் ஒரு பென் டிரைவ். அதில் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், "இவ்ளோ எடத்தை வெச்சிக்கினு மனுசன் எப்படிம்மா ஒழுங்கா இருப்பான்?" என்றார். அவர் சொன்னதிலேயே எனக்கு இன்றுவரை மறுக்க வராத ஒரே வாக்கியம் அது.

திவ்யாவிடம் இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. "அழிச்சிடு" என்றேன்.

"மொத்தத்தையும் அழிச்சாலும் நாலு போட்டோ எடந்தான்கா மிச்சமாவும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

"ஏகாம்பரம் சார் இருந்தா டீ சொல்லியிருப்பாரு."

"யாருக்கா அவரு?"

மூன்றாவது காரணம் என்று சொன்னேனே, அது பிலோமினா. வேதாசலத்துக்குப் பிறகு அந்த மில்லின் கணக்கு முழுவதும் அவள் கையில். அவளுக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மெஷின் நாலைந்து முறை மாறிவிட்டது. மென்பொருளும் மாறிவிட்டது. ஆனால் ஆயுத பூஜையன்று மாலை அவளிடமிருந்து எனக்குப் போன் வராத வருடம் கிடையாது. இந்த வருடமும் வந்தது.

"மிஸ், பூஜை முடிஞ்சிது. சந்தனம் வெச்சாச்சு, பொரி குடுத்தாச்சு. மாப்பிள்ளை புதுசா எதையோ டவுன்லோட் பண்றேன்னு வந்தாரு."

"நீ என்ன பண்ணே?"

"கீபோர்டு என் மடியிலதான் மிஸ் இருக்குது."